எபிரெய வேர்ச்சொற்களும் வேத வாசிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“எபிரெய மூலத்தில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் தெரியுமா?” என்று பிரசங்கியார் ஆரம்பித்தால் போதும், தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து உட்காருவார். அதற்குப் பின் வருவது சில நேரம் பொன், பல நேரம் காக்காப்பொன். இரண்டையும் பிரித்தறிய விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே. எபிரெயச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. அதற்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

எபிரெயத்தில் வேர்ச்சொல் என்பது என்ன?

பெரும்பாலான எபிரெயச் சொற்கள் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட ஒரு கூட்டிலிருந்து பிறக்கின்றன. இந்தக் கூட்டுக்கு ‘ஷோரெஷ்’ என்று பெயர். மரத்தின் வேருக்கும் அதே சொல்தான். ம-ல-க் என்ற மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெலெக் என்றால் அரசன், மல்கா அரசி, மம்லாகா அரசு, மாலக் ஆட்சி செய்தான். மூன்று மெய்களும் வரிசை மாறாமல் நிற்கின்றன. நடுவே உயிர்கள் மாறுகின்றன, முன்னும் பின்னும் சில எழுத்துகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. கெடு–கேடு, சுடு–சூடு, பெறு–பேறு என்பவற்றை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று படித்திருப்போம். உள்ளே இருக்கும் உயிர் நீண்டதும் வினை பெயராகிவிடுகிறது. தமிழில் இது ஒரு சிறு வகை. எபிரெயம் மொழி முழுவதையும் ஏறக்குறைய இந்த முறையில்தான் கட்டியிருக்கிறது.

உயிரெழுத்துகளே இல்லாமல் எப்படிப் படித்தார்கள்?

எபிரெய எழுத்துகள் 22. எல்லாம் மெய்கள். அவற்றின் பெயர்களை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள்: 119ஆம் சங்கீதத்தில் எட்டு எட்டு வசனங்களுக்கு மேலே ஆலெப், பேத், கிமெல் என்று அச்சிட்டிருப்பது அந்த 22 எழுத்துகளைத்தான். ஒவ்வொரு எட்டு வசனமும் அந்தந்த எழுத்தில் தொடங்கும். அதனால்தான் 176 வசனங்கள்.

உயிரொலிகளை மக்கள் வாய்வழி மரபாகக் காப்பாற்றினார்கள். சில மெய்கள் நீண்ட உயிரைக் காட்டவும் உதவின. ஏறக்குறைய கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை மசோரேத்தியர் எனப்படும் யூத அறிஞர்கள் எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளிகளும் கோடுகளும் இட்டு உயிர்களைப் பதிவு செய்தார்கள். முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய எபிரெய வேதாகமக் கையெழுத்துப் பிரதியான லெனின்கிராட் பிரதி 1008ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1947 முதல் சவக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்கள் அதைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பழையவை. அவற்றில் இந்தப் புள்ளிகள் கிடையாது.

இதனால் நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு நம் வேதாகமத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஆதியாகமம் 47:31இல் யாக்கோபு கட்டிலின் தலைமாட்டில் சாய்ந்து தொழுகிறான். எபிரெயர் 11:21இல் அதே யாக்கோபு கோலின் முனையில் சாய்ந்து தொழுகிறான். மூலத்தில் இருக்கும் மெய்கள் ஒன்றே. ‘மிட்டா’ என்று படித்தால் கட்டில், ‘மட்டே’ என்று படித்தால் கோல். கிறிஸ்துவுக்கு முன் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் கோல் என்று படித்தார்கள், எபிரெயர் நிருபம் அவர்களைப் பின்பற்றுகிறது. மசோரேத்தியர் கட்டில் என்று புள்ளியிட்டார்கள். இரண்டு சொற்களுக்கும் ‘நீட்டு’ என்ற பொருள் தரும் ந-ட-ஹ் என்பதே வேர்.

வேர்ச்சொல்லைத் தேடுவது எப்போது உண்மையிலேயே பயன் தரும்?

என் அளவுகோல் ஒன்றுதான். அந்த வேரை எழுதியவரே வேண்டுமென்று திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறாரா என்று பாருங்கள். அவர் பயன்படுத்தினால் நாமும் காது கொடுக்கலாம். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன சொல்லைத் தோண்டிப் புதையல் எடுக்கப் பார்ப்பது பெரும்பாலும் நம் கற்பனையில்தான் முடியும்.

எரேமியா 3:22ஐப் பாருங்கள்: “சீர்கெட்ட பிள்ளைகளே, திரும்புங்கள், உங்கள் சீர்கேடுகளைக் குணமாக்குவேன்.” தமிழில் சீர்கேடு ஒரு பக்கம், திரும்புதல் ஒரு பக்கம். எபிரெயத்தில் மூன்றும் ஷ-வ-ப் என்ற ஒரே வேர் (ப சில இடங்களில் வ என்று ஒலிக்கும்): ஷூவு, ஷோவாவீம், மெஷூவோத். ‘திரும்பிப் போய்விட்ட பிள்ளைகளே, திரும்பி வாருங்கள், நீங்கள் திரும்பிப் போனதை நான் குணமாக்குவேன்’ என்று கேட்கிறது. விலகிப் போனதும் திரும்புதல், வந்து சேர்வதும் திரும்புதல், திசைதான் வேறு. எரேமியா இந்த விளையாட்டை அந்த அதிகாரம் முழுவதும் நடத்துகிறார்.

அதே வேர் ரூத் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் பன்னிரண்டு முறை வருகிறது. நகோமி திரும்புகிறாள், மருமக்களைத் திரும்பிப் போகச் சொல்கிறாள், ஓர்பாள் திரும்பிவிடுகிறாள். கடைசியில் மோவாபிலிருந்து ‘திரும்பிய’வள் என்று ரூத்தையும் சொல்கிறது. அவளோ பெத்லகேமை அதுவரை கண்ணால் கண்டதே இல்லை! போகாத ஊருக்கு ஒருத்தி எப்படித் திரும்பி வர முடியும்? அந்தக் கேள்வியை வாசகர் மனதில் எழுப்புவதுதான் கதாசிரியரின் நோக்கம் என்று நினைக்கிறேன்.

எரேமியா 1:11–12 இன்னொன்று. தீர்க்கதரிசி வாதுமை மரக்கிளையைக் காண்கிறார். உடனே தேவன், சரியாய்க் கண்டாய், என் வார்த்தையை நிறைவேற்ற நான் கவனமாயிருக்கிறேன் என்கிற பொருளில் பதில் சொல்கிறார். வாதுமைக்கும் வார்த்தைக்கும் என்ன சம்பந்தம் என்று தமிழ் வாசகர் குழம்புவது நியாயம். வாதுமை ‘ஷாகேத்’, விழித்துக் காத்திருப்பவன் ‘ஷோகேத்’. இரண்டும் ஒரே வேர். சொல் தெரிந்ததும் காட்சியும் புரிந்துவிடுகிறது.

‘ஆமென்’, ‘விசுவாசம்’ இரண்டுக்கும் ஒரே வேரா?

ஆம். அ-ம-ன். தோண்டத் தோண்டக் கிடைக்கும் வேர் இது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இதன் அடிப்படை எண்ணம் அசையாமல் நிற்பது. ‘எமூனா’ என்ற பெயர்ச்சொல் வேதத்தில் முதன்முதலில் வருமிடம் யாத்திராகமம் 17:12. அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது, மோசேயின் கைகள் தளர்கின்றன, ஆரோனும் ஊர் என்பவனும் இருபுறமும் தாங்குகிறார்கள், சூரியன் அஸ்தமிக்கும்வரை அவன் கைகள் ‘எமூனா’வாக இருந்தன. அதாவது நிலையாக இருந்தன. இங்கே கொள்கையோ நம்பிக்கை அறிக்கையோ எதுவுமில்லை. இரண்டு பேர் தாங்கிய இரண்டு கைகள், அவ்வளவுதான். 2 இராஜாக்கள் 18:16இல் ஆலயக் கதவுகளோடு சேர்த்துச் சொல்லப்படும் நிலைகளுக்கும் இதே வேரில் ஒரு சொல். குழந்தையைச் சுமந்து வளர்ப்பவருக்கு ‘ஓமேன்’ (எண்ணாகமம் 11:12), வளர்ப்பவள் ‘ஓமெனெத்’ (ரூத் 4:16). இந்த வளர்ப்புச் சொற்களைத் தனி வேராக வைக்கும் அகராதிகளும் உண்டு.

வினையில் வரும்போது ‘ஹெஎமீன்’: உறுதியானது என்று ஏற்று அதன்மேல் சாய்தல். ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான் என்ற ஆதியாகமம் 15:6இல் இருப்பது இந்த வடிவம். ஏசாயா 7:9இல் தீர்க்கதரிசி ஒரே வேரின் இரண்டு வடிவங்களை மோதவிடுகிறார். “நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்” என்பது தமிழ். எபிரெயத்தில் ‘தஅமீனூ’ இல்லையென்றால் ‘தேஆமேனூ’ இல்லை. சாயாவிட்டால் நிற்க முடியாது என்கிற மாதிரி. ஆகாஸ் ராஜாவின் மனம் காற்றில் அசையும் காட்டு மரங்கள்போல் அசைந்தது என்று அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனம் சொல்லியிருக்கிறது. அந்தப் பின்னணியில் இந்த வாக்கு சரியான இடத்தில் போய் விழுகிறது.

ஆபகூக் 2:4க்கு வாருங்கள். “தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்” என்ற இடத்தில் இருப்பது அந்தப் பழைய ‘எமூனா’தான். ஆகவே அங்கே விசுவாசம் என்பதோடு உண்மையாய் நிலைத்திருப்பது என்ற பொருளும் கூடவே ஒலிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும், அவரைக் குறை சொல்ல முடியாது. வாசகருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஷாலோம் என்றால் சமாதானம் மட்டும்தானா?

ஷ-ல-ம் என்ற வேரில் குறைவற்றிருப்பது, நிறைவது என்ற எண்ணம் இருக்கிறது. திருடின மாட்டுக்கு ஈடு கொடுக்கச் சொல்லும் யாத்திராகமச் சட்டங்களில் ‘ஈடு செலுத்து’ என்பதற்கு வரும் வினையும் இதே வேர்தான். குறைந்ததை நிரப்பிவிடு என்று பொருள். 2 சாமுவேல் 11:7இல் தாவீது உரியாவிடம் யோவாபின் ஷாலோம், ஜனங்களின் ஷாலோம் எல்லாம் விசாரித்துவிட்டு யுத்தத்தின் ஷாலோமையும் விசாரிக்கிறான். யுத்தத்துக்கு ஏது சமாதானம்? ‘எப்படிப் போகிறது’ என்றுதான் அர்த்தம். அந்த இடத்தில் ஆழமான இறையியல் எதையும் தேட வேண்டாம். பேசுகிறவன் மனதில் அப்போது வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் யோசேப்பின் கதையில் தேடலாம். சகோதரர்களால் அவனிடம் ஷாலோமாய்ப் பேச முடியவில்லை (ஆதியாகமம் 37:4). தகப்பன் அவனை அனுப்புவது அந்தச் சகோதரர்களின் ஷாலோமையும் ஆடுகளின் ஷாலோமையும் பார்த்து வரத்தான் (37:14). ஆண்டுகள் கழித்து எகிப்தில், அதே சகோதரர்கள் அடையாளம் தெரியாமல் எதிரே நிற்கும்போது, அவன் அவர்களுடைய ஷாலோமை விசாரித்து, உங்கள் தகப்பனுக்கு ஷாலோமா என்று கேட்கிறான் (43:27). தமிழில் பட்சமாய்ப் பேசுவது, சுகம் பார்ப்பது, சுகசெய்தி விசாரிப்பது என்று சொற்கள் இடத்துக்கு இடம் மாறுவதால் இந்த இழை தெரிவதில்லை.

தேவனுடைய இரக்கம் ‘கர்ப்பப்பை’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்களே?

‘ரெஹெம்’ கர்ப்பப்பை. ‘ரஹமீம்’ இரக்கம். வேர் ஒன்று என்று பொதுவாக ஏற்கப்படுகிறது. சாலொமோனுக்கு முன் நின்ற இரண்டு பெண்களில் உண்மையான தாயின் ‘ரஹமீம்’ பொங்கியது என்று 1 இராஜாக்கள் 3:26 சொல்லும்போது, நம் மொழிபெயர்ப்பு “குடல் துடித்ததினால்” என்று அழகாகப் பிடித்திருக்கிறது. அங்கே தாய்மையின் வாசனை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அதே தொடர், அதே வினையோடு, ஆதியாகமம் 43:30இல் பென்யமீனைப் பார்த்த யோசேப்புக்கும் வருகிறது. “தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல” என்ற 103ஆம் சங்கீதத்திலும் வினை இதுதான். இரங்குகிறவர் தகப்பன். இன்னொரு பக்கம், தன் கர்ப்பத்தின் பிள்ளைக்குத் தாய் இரங்காமலிருப்பாளோ என்று ஏசாயா 49:15 கேட்கும்போது கர்ப்பத்துக்கு ‘பெத்தென்’ என்ற வேறு சொல்லைத்தான் போட்டிருக்கிறது. ஆகையால் ‘இரக்கம்’ என்று வரும் இடமெல்லாம் கர்ப்பப்பையை நுழைக்க வேண்டியதில்லை.

ஒரே மூன்று எழுத்து என்றால் ஒரே பொருள்தானே?

இல்லை. அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது.

த-ப-ர் என்ற எழுத்துகளைப் பாருங்கள். ‘தாவார்’ என்றால் வார்த்தை. ‘மித்பார்’ என்றால் வனாந்தரம். ‘தெவெர்’ கொள்ளைநோய். வனாந்தரம்தான் தேவன் பேசும் இடம், சொல்லே அப்படித்தான் உருவாகியிருக்கிறது என்று கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அகராதிகள் மித்பாரை மந்தையை ஓட்டிச் செல்வது என்ற பொருள் கொண்ட வேறொரு த-ப-ருடன் சேர்க்கின்றன. மேய்ச்சல் வெளி என்பது அதன் பின்னணி. அதே தர்க்கத்தில் போனால் கொள்ளைநோயும் தேவன் பேசும் முறை என்று சொல்ல வேண்டிவரும்.

இது இக்காலத்தவர் மட்டும் விழுந்த குழியும் அல்ல. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் உள்ளறைக்கு ‘தெவீர்’ என்று பெயர். அதைத் தாவாருடன் இணைத்து, தெய்வ வாக்கு கிடைக்கும் இடம் என்று லத்தீனில் பெயர்த்தார் பழங்கால மொழிபெயர்ப்பாளர் ஜெரோம். பின்னாளைய ஐரோப்பிய மொழிபெயர்ப்புகள் சிலவும் அதே வழியில் போயின. உண்மையில் அது ‘பின்புற அறை’ என்ற பொருள் தரும் சொல் என்பதே இன்றைய அகராதிகளின் கருத்து.

ல-ஹ-ம் இன்னொரு உதாரணம். ‘லெஹெம்’ அப்பம். ‘மில்ஹாமா’ யுத்தம். பெத்லகேம் அப்பத்தின் வீடு, யுத்தத்தின் வீடல்ல.

பொருள் காலப்போக்கில் வேரை விட்டு விலகிப் போவதும் உண்டு. சங்கப் பாடல்களில் நாற்றம் என்றால் நறுமணம். இன்று யாரிடமாவது ‘நல்ல நாற்றம்’ என்று சொல்லிவிட்டு, வேர்ப்பொருளைத்தான் சொன்னேன் என்று வாதாட முடியுமா? வேர்ப்பொருளை ஒவ்வொரு இடத்திலும் திணிக்கும் இந்தப் பழக்கத்தை ஜேம்ஸ் பார் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1961இல் கடுமையாக விமர்சித்தார். அதற்குப் பின் வேத அறிஞர்கள் இந்த விஷயத்தில் எச்சரிக்கையாகிவிட்டார்கள். இணையத்தில் அந்த எச்சரிக்கை இன்னும் வந்து சேரவில்லை.

ஒரே வேர் நேர்மாறான பொருள் தருமா?

தரும். எபிரெய வினை பெரும்பாலும் ஏழு அச்சுகளில் வார்க்கப்படும். அவற்றைப் பின்யானீம் என்பார்கள். செய்தான், செய்யப்பட்டான், செய்வித்தான், தனக்குத்தானே செய்துகொண்டான் என்பதுபோல. நட–நடத்து, உண்–ஊட்டு என்ற தன்வினை–பிறவினை தெரிந்தவர்களுக்குப் பாதி புரிந்துவிடும்.

ஹ-ட-அ என்ற வேர் எளிய அச்சில் பாவம் செய்வதையும், செய்விக்கும் அச்சில் சில இடங்களில் குறி தப்புவதையும் குறிக்கும். நியாயாதிபதிகள் 20:16இல் மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிகிற இடதுகைக்காரர் 700 பேரைப் பற்றிச் சொல்லும்போது, ‘தப்பாமல்’ என்பதற்கு இந்த வினைதான். அதையே பியேல் என்ற அச்சில் போட்டால் பாவத்தை நீக்குவது என்று ஆகிவிடுகிறது. “நீர் என்னை ஈசோப்பினால் சுத்திகரியும்” என்ற 51ஆம் சங்கீதத்தில் ‘சுத்திகரியும்’ என்பது அதே ஹ-ட-அ. பாவம் என்று வேரைப் பார்த்துவிட்டு, அச்சைப் பார்க்காமல் போனால் தாவீதின் ஜெபம் தலைகீழாகிவிடும்.

எழுத்துகளின் படங்களை வைத்து அர்த்தம் சொல்வது சரியா?

சரியல்ல. ஆலெப் என்ற பெயருக்கு மாட்டோடும் பேத் என்ற பெயருக்கு வீட்டோடும் தொடர்பு உண்டு, அது உண்மை. எழுத்துகள் படங்களிலிருந்து வளர்ந்தன. அதனால் ‘அவ்’ (தகப்பன்) என்றால் ‘வீட்டின் பலம்’ என்று சொல்வது வேறு விஷயம். சொல் முதலில் வாயில் பிறந்தது, எழுத்து பிறகு வந்தது. எந்த அகராதியும் இந்த முறையில் பொருள் சொல்வதில்லை. இதற்கு நேரம் செலவிட வேண்டாம்.

பெயர்களின் அர்த்தம்?

வேதமே பெயர்களுக்கு விளக்கம் தருகிறது, ஆனால் பல இடங்களில் அது ஒலியை வைத்துத்தான். நோவா என்ற பெயர் இளைப்பாறுதல் என்ற பொருளுள்ள ந-வ-ஹ் வேரோடு பொருந்தும். ஆதியாகமம் 5:29இல் லாமேக்கு சொல்லும் விளக்கமோ ‘தேற்றுவான்’ என்ற ந-ஹ-ம் வேரில் அமைந்தது. அடுத்த அதிகாரத்தில் மனுஷனை உண்டாக்கினதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்ற இடத்திலும் அதே ந-ஹ-ம் வருகிறது. பெயரின் இலக்கணத்தைக் கொஞ்சம் வளைத்து அடுத்த அதிகாரத்துக்குக் கொக்கி மாட்டியிருக்கிறார் எழுதியவர். பாபேல் என்பதும் அப்படித்தான். பாபிலோனின் அக்காடிய மொழியில் அது ‘தெய்வத்தின் வாசல்’ என்று விளக்கப்பட்ட பெயர். ஆதியாகமம் 11:9 அதை ‘பாலல்’, அதாவது குழப்பினான், என்ற சொல்லோடு சேர்த்துக் கேலி செய்கிறது. ஒரு பேரரசின் பெருமையை ஒரே சொல்லில் கவிழ்க்கும் குறும்பு.

எபிரெயத்தில் அப்பா என்பதும் தமிழ் அப்பாவும் ஒன்றுதானே? இரு மொழிகளும் உறவா?

‘அப்பா’ (அபா) எபிரெயத்துக்கு நெருங்கிய அரமேயிக் மொழியின் வடிவம். எபிரெயத்தில் ‘அவ்’. குழந்தையின் உதடுகள் முதலில் எழுப்பும் ஒலிகள் இவை என்பதால் உலகின் பல மொழிகளில் தகப்பனுக்கும் தாய்க்கும் ஒத்த ஒலியில் சொற்கள் இருக்கின்றன. அதை வைத்து உறவு சொல்ல முடியாது. எபிரெயம் செமித்தியக் குடும்பம், தமிழ் திராவிடக் குடும்பம்.

ஆனால் வணிகம் சொற்களைக் கடல் கடத்தும். 1 இராஜாக்கள் 10:22இல் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த ‘துக்கிய்யீம்’, நம் மொழிபெயர்ப்பில் மயில்கள், தமிழ் ‘தோகை’யிலிருந்து போனதாக இருக்கலாம் என்பது கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்திலேயே பேசப்பட்ட கருத்து. அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

தமிழ் வேதாகமம் போதாதா?

இரட்சிப்புக்கும் நடத்தைக்கும் போதும் என்று சொல்லிவிடலாம். நுட்பம் வேண்டுமென்றால் எங்கே மொழிபெயர்ப்பு நம்மை வேறு பக்கம் சாய்க்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

“மாயை, மாயை, எல்லாம் மாயை” என்ற பிரசங்கியின் வாக்கைக் கேட்டதும், உலகம் தோற்றம் மட்டுமே, உண்மையல்ல என்ற தத்துவம் நம் மனதில் தானாக ஓடிவரும். எபிரெயத்தில் இருப்பது ‘ஹெவெல்’: மூச்சுக்காற்று, ஆவிப்படலம். இருக்கிறது, கையில் பிடிபடாது, சீக்கிரம் போய்விடும். பிரசங்கி உலகம் பொய் என்று எங்கும் சொல்லவில்லை. சாப்பிடு, குடி, உன் பிரயாசத்தில் சந்தோஷப்படு என்கிறார். 1995இல் வந்த திருவிவிலியம் என்ற தமிழ் மொழிபெயர்ப்பு ‘வீண்’ என்று போட்டது. அதுவும் முழுதாகப் பிடிபடவில்லை, ஆனால் தத்துவ நெடி குறைவு. ஆபேலின் பெயரும் இந்த ‘ஹெவெல்’தான். ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் அவன் வாழ்ந்த வாழ்வின் நீளத்தைப் பாருங்கள்.

‘தோரா’ என்ற சொல்லை ‘நியாயப்பிரமாணம்’ என்று படிக்கும்போது நீதிமன்ற வாடை வந்துவிடுகிறது. நீதிமொழிகள் 1:8இல் “உன் தாயின் போதகத்தைத் தள்ளாதே” என்ற இடத்தில் உள்ள போதகமும் தோராதான். கற்றுக்கொடுப்பது என்ற பொருளுள்ள வினையோடு சேர்ந்த சொல் அது.

சில இடங்களில் தமிழ் மற்ற மொழிகளைவிட நன்றாகவே பிடித்துவிடுகிறது. ‘ரூவாஹ்’ என்பதற்குக் காற்று, மூச்சு, ஆவி மூன்றும் பொருள். எசேக்கியேல் 37இல் மூன்றும் பின்னிப் பிணைந்து வருகின்றன. நம் ‘ஆவி’யும் மூச்சு, நீராவி, உயிர் எல்லாவற்றையும் தாங்கும் சொல். இங்கே நமக்கு அகராதி அவ்வளவு தேவைப்படாது.

எபிரெயச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் குழப்பம் வராதா?

வரும். ‘கோல்’ என்று நான் எழுதினால் அது சத்தமா, ‘எல்லாம்’ என்ற சொல்லா என்று உங்களுக்குத் தெரியாது. எபிரெயத்தில் முதலாவது கோஃப் எழுத்திலும் இரண்டாவது காஃப் எழுத்திலும் தொடங்குகின்றன, வேர்கள் வேறு. நான் மேலே ‘ஹ’ என்று எழுதியவற்றிலும் ஹே, ஹேத் என்ற இரண்டு எழுத்துகள் கலந்திருக்கின்றன. 22 எழுத்துகளை மட்டுமாவது கற்றுக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும்.

காதுக்கு ஒன்றாக ஒலித்து எழுத்தில் மாறுபடும் சொற்கள் எபிரெயர்களையே படுத்தியிருக்கின்றன. சங்கீதம் 100:3இல் “நாம் அல்ல, அவரே நம்மை உண்டாக்கினார்” என்று படிக்கிறோம். ‘லோ’ என்பதை ஆலெப் போட்டு எழுதினால் ‘அல்ல’. வாவ் போட்டு எழுதினால் ‘அவருக்கு’. அப்போது ‘அவரே நம்மை உண்டாக்கினார், நாம் அவருடையவர்கள்’ என்றாகும். மசோரேத்தியர் முதலாவதை வரியில் விட்டு, இரண்டாவதை ஓரத்தில் குறித்து, இப்படி வாசிக்கவும் என்றார்கள். எனக்கு ஓரக்குறிப்புதான் அந்தச் சங்கீதத்தின் போக்கோடு பொருந்துவதாகத் தோன்றுகிறது; அடுத்த அடியே நாம் அவர் ஜனங்கள் என்றுதான் போகிறது.

ஸ்ட்ராங் எண்களை வைத்துப் படிக்கலாமா?

படிக்கலாம், எல்லை தெரிந்து. 1890இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் வெளியிட்ட வேதாகமச் சொல்லடைவில் ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் ஓர் எண் உண்டு; எபிரெய, அரமேயிகச் சொற்களுக்கு 8674 எண்கள். எந்த வசனத்தில் எந்த மூலச்சொல் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அது அருமையான கருவி. பொருள் சொல்ல அது போதாது. ஓர் எண்ணின் கீழே பத்துப் பொருள் இருந்தால் பிடித்த ஒன்றை எடுத்து நம் வசனத்தில் பொருத்துவது, அல்லது பத்தையும் ஒரே வசனத்தில் கொட்டுவது, இரண்டும் தவறு.

எண்ணைக் கண்டுபிடித்த பிறகு அகராதிக் குறிப்பை மூடிவிட்டு, அதே சொல் வரும் மற்ற வசனங்களைப் படியுங்கள். முதலில் அதே புத்தகத்தில், பிறகு அதே வகை நூல்களில். யார் யாரைப் பற்றிப் பேசும்போது வருகிறது, எதற்கு எதிராக வருகிறது என்று பாருங்கள். ‘பாரா’ (சிருஷ்டித்தார்) என்ற வினையின் எளிய அச்சுக்கு வேதம் முழுவதும் தேவன் மட்டுமே எழுவாய் என்பது இப்படிப் படித்தால் தெரியும். வேரைத் தோண்டினால் தெரியாது.

பழைய ஏற்பாடு முழுவதும் எபிரெயமா? புதிய ஏற்பாட்டுக்கு இது உதவுமா?

தானியேல் 2:4 நடுவிலிருந்து 7ஆம் அதிகார முடிவு வரை, எஸ்றாவின் சில பகுதிகள், எரேமியா 10:11 ஆகியவை அரமேயிக். அங்கே எபிரெய வேரைப் பொருத்துமுன் நிதானம் வேண்டும். புதிய ஏற்பாடு கிரேக்கம். ஓசன்னா போன்ற சில சொற்களில் எபிரெயம் நேரடியாகத் தெரியும். ‘இரட்சியும்’ என்று வேண்டும் சங்கீதம் 118:25தான் அதன் மூலம். யோசுவா, இயேசு என்ற பெயர்களும் அந்த வேரோடு சேர்ந்தவை. மற்றபடி இடையில் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு என்ற பாலம் இருக்கிறது, அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம்?

யோனா. நான்கே அதிகாரம், எளிய எபிரெயம். ‘இறங்கு’ என்று பொருள்படும் ய-ர-த் வேரை மட்டும் பின்தொடருங்கள். யோப்பாவுக்குப் போனான் என்று தமிழ் சொல்லும் இடத்தில் மூலம் இறங்கினான் என்கிறது. கப்பலுக்குள் இறங்கினான், கீழ்த்தட்டுக்கு இறங்கினான், இரண்டாம் அதிகார ஜெபத்தில் பர்வதங்களின் அடிவாரம்வரை இறங்கினேன் என்கிறான். அயர்ந்து தூங்கினான் என்பதற்கு வரும் ‘வய்யேராதம்’ வேறு வேர், ஆனால் ஒலியில் இன்னொரு இறக்கம்போலவே கேட்கிறது. அது முடிந்ததும் ‘ராஆ’ என்ற சொல்லை எடுங்கள். நினிவேயின் பொல்லாப்பு, மாலுமிகளுக்கு வந்த ஆபத்து, தேவன் செய்யாமல் விட்ட தீங்கு, கடைசியில் யோனாவுக்கு வந்த விசனம் என எல்லாவற்றிலும் அந்த ஒரே சொல் ஒளிந்திருக்கிறது. நான்காம் அதிகாரத்தின் முதல் வசனத்தை அதோடு படித்துப் பாருங்கள்.